வீட்டுக் கணக்கு: கூரையில் சோலார், யாருக்கு இலாபம்?



கண்டியிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனைப் பக்கங்களிலும் பல வீட்டுக் கூரைகளில் சோலார் தகடுகளைக் காண்கிறீர்கள். "போட்டால் கறண்ட் பில்லே வராது" என்று வீடு தேடி வந்து சொல்பவர்களும் உண்டு. நகையை அடகு வைக்க முன்னர் பழைய மின்பட்டியல்களை எடுத்து வாருங்கள், ஒரு கணக்குப் பார்ப்போம்.

ஒரு கிலோவாற் தகடு மாதம் ஏறத்தாழ 100 அலகு தரும். மலை நிழலும் பனிமூட்டமும் உள்ள இடங்களில் இன்னும் குறையும். செலவை 2 இலட்சம் ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நிலையான கட்டணத்தை விட்டுவிட்டு, 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட அலகு விலைகளை மட்டும் எடுப்போம்.

மாதம் 240 அலகு பாவிக்கும் வீட்டில் 180க்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகும் 61 ரூபா. அதற்குக் கீழே 120 வரை 41 ரூபா. 100 அலகு குறைந்தால் மாதம் 5,300 ரூபா மிச்சம். போட்ட காசு மூன்று வருடம் சொச்சத்தில் திரும்பிவிடும்.

சில பல்புகளும் ஒரு விசிறியும் தொலைக்காட்சியும் உள்ள வீட்டில் 60 அலகுதான் போகும். முதல் 30 அலகு 4.50 ரூபா, அடுத்த 30 அலகு 8 ரூபா. மொத்தமே 375 ரூபா. மிஞ்சும் 40 அலகை, 2025இல் சிறிய தொகுதிகளுக்கு நிர்ணயித்த 20.90 ரூபாவுக்கு விற்றால் 836 ரூபா. இரண்டும் சேர்ந்து 1,211. இங்கே 2 இலட்சம் திரும்பப் பதின்மூன்றரை வருடத்துக்கு மேல் செல்லும், அதுவும் வட்டியில்லாமல். இடையில் இன்வேர்ட்டரையும் மாற்ற நேரலாம். தகடும் வெயிலும் ஒன்றுதான். குறைவாகப் பாவிப்பவர் ஏற்கெனவே மலிவு விலை கட்டுவதால் அவருக்கு மிச்சம் பிடிக்க அதிகமில்லை.

விற்கும் விலையும் நிலையானதல்ல. 2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' திட்டம் தொடங்கியபோது முதல் ஏழு வருடங்களுக்கு 22 ரூபா, பின்னர் 15.50 என்றார்கள். புதிதாகச் சேர்வோருக்கு 2022இல் 37 ஆக ஏறி, 2024இல் 27 ஆக இறங்கியது. ஆகவே முன்பு போட்ட அயல்வீட்டுக்காரரின் வருமானத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். நீங்கள் ஒப்பந்தம் செய்யும் நாளில் என்ன விலை, எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள்.

இன்னொன்று. பற்றரி இல்லாத தொகுதி, மின்வெட்டு நேரத்தில் தானும் நின்றுவிடும். வேலை செய்பவர்களுக்குக் கம்பியில் அடி விழாதிருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். பகல் வெயில் கொளுத்தினாலும் வீட்டில் கறண்ட் இராது.

ஒப்பந்தம் மின்பட்டியலில் பெயருள்ளவருடன்தான். இறந்த அல்லது காணாமற்போன கணவரின் பெயரிலேயே பட்டியல் வந்துகொண்டிருந்தால், பெயர் மாற்ற என்ன பத்திரம் வேண்டும் என்று மின்சார அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். லயன் அறையில் இருப்பவர்களுக்குக் கூரை தோட்டத்துக்குரியது. அனுமதியில்லாமல் எவரிடமும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

இடியப்பம் அவித்து விற்று, குளிர்சாதனப் பெட்டியும் கிரைண்டரும் ஓட்டும் சகோதரிகள் ஒரு வருடப் பட்டியலையும் கூட்டிப் பாருங்கள். 180ஐத் தாண்டும் மாதங்கள் கூடவென்றால் இரண்டு மூன்று இடங்களில் எழுத்தில் விலை கேட்கலாம். உத்தரவாதம் தகட்டுக்கு எத்தனை வருடம், இன்வேர்ட்டருக்கு எத்தனை என்று வேறுவேறாக எழுதித் தரச் சொல்லுங்கள்.