உமுவோஃபியாவும் தென்னார்க்காடும்

உமுவோஃபியா ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேரைப் பேசித் தீர்க்கலாம் என்று அழைத்து, வந்த இடத்தில் கைவிலங்கு மாட்டுகிறார் வெள்ளைக்கார மாவட்ட ஆணையர். தேவாலயத்தை இடித்ததற்கு 200 மூட்டைச் சோழி அபராதம். ஊருக்குச் சேதி சொல்லப் போகும் நீதிமன்றச் சேவகர்கள் அதை 250 ஆக்கிவிடுகிறார்கள். மிச்சம் 50 மூட்டை அவர்களுடைய பங்கு. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே தன் நாவலில் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பட்டா மாற்றத்துக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலுவலகப் படி ஏறி இறங்கிய குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த இடத்தில் உரையாசிரியர் தேவையில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிக்கிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்களில் ஏராளம். அச்செபேயின் அந்த நாவல், ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’, 1958இல் லண்டனில் வெளிவந்தது. முதல் அச்சு 2,000 பிரதிகள். பிறகு 50க்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போய், இரண்டு கோடிக்கும் மேல் விற்று, தமிழகப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் அதற்கு நேர்ந்ததுதான் வருத்தம் தருகிறது. ஒகோன்க்வோ துன்பியல் நாயகனா, தலைப்பு யேட்ஸின் கவிதையிலிருந்து எப்படி வந்தது, இக்போ சடங்குகள் யாவை என்று நான்கைந்து வினாக்களாக நாவல் சுருங்கிவிட்டது. கைடு வாங்கி விடையை மனப்பாடம் செய்தால் தேர்ச்சி நிச்சயம். மூன்று பகுதிகள், 25 அத்தியாயங்கள் கொண்ட மூலநூலைத் திறக்காமலேயே பட்டம் வாங்கிவிடலாம். மாணவர் சோம்பேறி என்று இதற்குப் பழிபோடுவது நியாயமல்ல. தன் ஊர்க் கதையைப் போன்ற ஒன்றை யாரோ தூர தேசத்தவரின் கதையாக அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்தான் தவறு இருக்கிறது.

நாவலின் முடிவை எடுத்துக்கொள்ளலாம். கதைநாயகன் ஒகோன்க்வோ தூக்கில் தொங்குகிறான். ஆணையர் தான் எழுதப்போகும் நூலில் இவனுக்கு ஓர் அத்தியாயம் கொடுக்கலாமா என்று யோசித்து, அவ்வளவு வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று தீர்மானிக்கிறார். ஒரு மனிதனின் முழு வாழ்க்கையை 24 அத்தியாயங்களுக்கும் மேலாகக் கூடவே நடந்து பார்த்த வாசகரை அந்த ஒரு பத்தி அறைகிறது. இபாதான் கல்லூரியில் படித்தபோது ஜாய்ஸ் கேரியின் ‘மிஸ்டர் ஜான்சன்’ நாவலில் நைஜீரியரைப் பற்றிய சித்திரத்தைக் கண்டு கொதித்தவர் அச்செபே. தன் மக்களைப் பத்தியாகச் சுருக்கிய எழுத்துக்கு அவர் தந்த பதில் இந்த நாவல்.

விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய பழைய தென்னார்க்காட்டுக்கும் அந்தப் பத்தி எழுதப்பட்டிருக்கிறது. சிவில் சர்வீஸ் அதிகாரி ஜே. எச். கார்ஸ்டின் தொகுத்த ‘தென்னார்க்காடு மாவட்டக் கையேடு’ 1878இல் வந்தது. டபிள்யூ. ஃபிரான்சிஸின் கெசட்டியர் 1906இல் வந்தது. அதில் மண்வளம், மழை, பாசனம், வரிவசூல் ஆகியவற்றோடு ‘மக்கள்’ என்றும் ஓர் அத்தியாயம் உண்டு. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு குறிப்பு: தொழில், திருமண வழக்கம், கும்பிடும் சாமி, குணம். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து, ஏழு தொகுதிகளாக 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் வகைப்படுத்தினார். கெசட்டியர்களின் பயனை மறுக்க முடியாது. இன்றைக்கும் ஆய்வாளர்கள் அவற்றைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். ஆனால் அவற்றில் எழுதப்பட்ட யாரிடமும் இது சரியா என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்தக் குறிப்புகள் அலமாரியோடு நின்றுவிடவும் இல்லை. ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வடக்கே தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது, நாடு முழுக்க 1952இல்தான் நீங்கியது. சட்டம் போன பிறகும், எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் குறவர் குடியிருப்புக்கும் இருளர் குடிசைக்கும் ஜீப் போகிற வழக்கம் போகவில்லை. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் வழக்கு, ‘ஜெய் பீம்’ படத்தால் ஊரறிந்த கதை ஆனது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி இருளர்களுக்காகச் சங்கம் வைத்து, பொய்வழக்குகளுக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார். ஆணையரின் ஒரு பத்திக்கு எவ்வளவு ஆயுள் என்று மாணவர்கள் அறிய நைஜீரியாவுக்குப் போக வேண்டாம். திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் போதும்.

பொருளாதாரத்திலும் இந்த ஒற்றுமை வியக்கவைக்கிறது. வெள்ளைக்காரன் கடை திறந்த பிறகு பனை எண்ணெய்க்கும் பருப்புக்கும் முன்பில்லாத விலை கிடைத்து, உமுவோஃபியாவில் பணம் புழங்குகிறது. அதனால்தான் ஊரில் எல்லோருமே புதிய ஆட்சியை வெறுக்கவில்லை என்று அச்செபே நேர்மையாகச் சொல்கிறார். தென்னார்க்காட்டில் அந்த வேலையை மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, செய்தது. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் செம்மண் காடுகளில் விளைந்த பயிர், புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் போனது. 1879இல் விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை வந்தது. கம்பும் கேழ்வரகும் விதைத்த நிலத்தில் ஐரோப்பியச் சந்தையின் விலை உட்கார்ந்துகொண்டது. இன்று முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு டிராக்டர்கள் வரிசைகட்டிப் போகும் சாலைக்குப் பின்னால் இந்த நீண்ட கதை இருக்கிறது.

எனினும், வெள்ளைக்காரன் வந்தான், பொற்காலம் போயிற்று என்று இந்த நாவலைப் படிப்பது பெரும் பிழை. வகுப்புகளில் அதிகம் நடப்பது இந்தப் பிழைதான். அச்செபேயின் தந்தை சர்ச் மிஷனரி சொசைட்டியின் உபதேசியார். மதம் மாறிய வீட்டுக்குள்ளிருந்து பழைய ஊரைப் பார்த்தவர் மகன். இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் காட்டில் எறியும் வழக்கத்தையும், தன்னை அப்பா என்று அழைத்த சிறுவன் இக்கெமெஃபுனாவை ஒகோன்க்வோ வெட்டுவதையும் அவர் மறைக்கவில்லை. புதிய தேவாலயத்துக்கு முதலில் போகிறவர்கள் யார்? நான்கு முறை இரட்டையரைப் பெற்று எல்லாவற்றையும் இழந்து, மறுபடி வயிற்றில் பிள்ளையோடு ஓடிவரும் நெக்கா. ஊராரோடு கலக்கக்கூடாத, தலைமயிர் வெட்டிக்கொள்ளக்கூடாத ‘ஒசு’ மக்கள். தெய்வம் கொன்றுவிடும் என்று ஊர் நடுங்க, அவர்கள் சடைமுடியை மழித்துக்கொண்டு தேவாலயத்தில் உட்காருகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை.

சேரிப் பிள்ளை எவரும் இந்த அத்தியாயத்தை வேறொரு நாட்டின் வழக்கமாக வாசிக்க மாட்டார். 1853இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன் திண்டிவனத்தில் நிலையம் அமைத்தபோது அதை நாடிச் சென்றவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்டவர்கள். 1890களின் தொடக்கத்தில் இதே திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பிரசவ மரணங்கள் நேர்ந்தன; ஆண் மருத்துவரை அந்த வீடுகள் ஏற்கவில்லை. அன்றிரவு உதவி கேட்டு வந்தவர்களைத் திருப்பியனுப்ப நேர்ந்த இளம்பெண் ஐடா ஸ்கடர் பிறகு மருத்துவரானார், வேலூரில் மருத்துவமனை எழுந்தது. நாவலில் மிஷனரி திரு. பிரவுன் உமுவோஃபியாவில் பள்ளிக்கூடமும் சிறு மருத்துவமனையும் கட்டுவதற்கு இதைவிட நல்ல அடிக்குறிப்பு கிடையாது. இன்று சுற்றுவட்டாரத்தில் யாருக்கேனும் ஆபத்து என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஓடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கும் ஒரு முன்கதை உண்டு.

அதே வேளையில், மதம் மாறியதால் எல்லாம் தீர்ந்ததா என்ற கேள்வியையும் வகுப்பில் வைத்தாக வேண்டும். 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில், ஒரே தேவாலயத்தைச் சேர்ந்த கிறித்தவர்களுக்குள் சாதி மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

இந்த இடத்தில் அச்செபேயோடு சேர்த்துப் படிக்க வேண்டிய தமிழ் நாவல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994). பழைய தென்னார்க்காட்டு மண்ணிலிருந்து வந்த எழுத்து அது. ஆரோக்கியம் ஒரு கத்தோலிக்கப் பெண்; தலித்துகளுக்கே துணி வெளுக்கும் சாதியில் பிறந்தவள். ஊர்ச் சோறு வாங்கித் தின்று, களத்தில் கூலித் தானியம் வாங்கி வாழ்ந்தவளுக்கு, காலம் மாற மாற அந்தக் கொடிய ஏற்பாடு தந்த கைப்பிடிச் சோறும் நழுவுகிறது. அந்த ஊர்முறை நியாயமற்றது. அது சரியும்போது முதலில் நசுங்குகிறவளும் அதனால் அதிகம் துன்பப்பட்டவளே. ஒகோன்க்வோ உச்சியிலிருந்து விழுகிறான். ஆரோக்கியத்துக்கு விழ உச்சியே இல்லை. இரண்டையும் அருகருகே வைத்தால், சமூக மாற்றம் என்ற சொல் யார் யாருக்கு என்னவாக இருந்தது என்பது எந்தக் கோட்பாட்டு நூலைவிடவும் தெளிவாகும்.

தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு ஆங்கில மூலம் மலைப்பாக இருக்கும்தான். ஈழத்து எழுத்தாளர் என். கே. மகாலிங்கம் இந்நாவலைச் ‘சிதைவுகள்’ என்று தமிழில் தந்திருக்கிறார். அதை ஆங்கிலத் துறையில் கையில் வைத்திருப்பது இழுக்கு என்ற எண்ணம் ஒழிய வேண்டும். தமிழில் கதையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்துக்குப் போகிற மாணவர், கைடுக்குப் போகிறவரைவிட நிச்சயம் அதிகம் கற்பார். இக்போப் பழமொழிகளை அச்செபே ஆங்கிலத்துக்குள் எப்படி உட்காரவைத்தார் என்பதும் அவருக்கே முதலில் பிடிபடும், இரண்டு மொழிகளுக்கு நடுவில் தினமும் நிற்பவர் அவர் என்பதால்.

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஃபிரான்சிஸின் கெசட்டியர் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் தாலுகாப் பக்கங்களை அச்செடுத்து நாவலின் கடைசி அத்தியாயத்தோடு சேர்த்து வாசிக்கச் சொல்லலாம். தன் சாதியைப் பற்றியோ தன் ஊர்ப்பக்கத்தைப் பற்றியோ அதிகாரி எழுதிய குறிப்பை ஒவ்வொரு மாணவரும் எடுத்துக்கொள்ளட்டும். பாட்டியிடம், கரும்பு வெட்டும் பெரியப்பாவிடம், தெருக்கோடி இருளர் வீட்டில் கேட்டு, அதிகாரி விட்டதை எழுதட்டும். ஆலைக்கு எந்த ஊரிலிருந்து வெட்டாட்கள் வருகிறார்கள், முன்பணம் யார் கொடுக்கிறார், கடன் எப்போது அடைகிறது என்று பத்துப் பக்கம் வந்தாலே போதும். அதற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் ஒதுக்கவும் ஆசிரியர் மனம் வைத்தால் முடியும். அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.