உசுப்பியது நாம், பழி செல்லுக்கு

போன வாரம் ஒரு கருத்தரங்கு. எலி மூளையின் மைக்ரோக்ளியா செல்களில் 'புதிய கிளர்ச்சி நிலை' கண்டுபிடித்ததாக ஓர் ஆய்வு மாணவர் வண்ணப் புள்ளிக் கூட்டம் ஒன்றைத் திரையில் காட்டினார். அதில் விழித்திருந்த மரபணுக்களின் பட்டியலின் தலையில் ஃபாஸ், ஜுன். அடுத்து சிசிஎல்3, சிசிஎல்4. அரங்கமே கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்களைத் திசுவிலிருந்து எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டேன். "37 டிகிரில, என்சைம்ல அரை மணி நேரம் சார். எல்லா லேப்லயும் இப்படித்தானே பண்றாங்க!"

வியாதியே அதுதானே! திசுவைத் துண்டு போட்டு, நொதியில் ஊறவைத்து, சல்லடையில் தேய்த்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, லேசர் முன்னால் ஒவ்வொன்றாகப் பீய்ச்சி அடித்த பிறகும், செல் உடம்பில் இருந்த கோலத்திலேயே இருக்குமாம். அதிலும் இது நோய் எதிர்ப்பு செல். ஆபத்தை மோப்பம் பிடிப்பதே அதன் பிழைப்பு.

ஃபாஸ் மரபணு தூண்டிய சில நிமிடங்களில் விழித்துக்கொள்ளும். அரை மணியில் உச்சத்துக்குப் போகும். நொதியில் ஊறுவதும் அதே அரை மணிதான். பிரிப்பதே செல்லை உசுப்புகிறது என்ற குட்டு 2017-லேயே எலித் தசையின் தண்டு செல்களில் உடைந்தது. 2022-ல் மைக்ரோக்ளியாவிலும் உடைந்தது: ஆர்.என்.ஏ., புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகளைச் சேர்த்துப் பிரித்தபோது அந்தக் 'கிளர்ச்சி' காணாமல் போயிற்று. மறுபடியும் சொல்கிறேன்: ஃபாஸ், ஜுன். நாம் வைத்த சூட்டில் எழுந்த அலறலுக்குப் பெயர்சூட்டு விழா எதற்கு?

ரத்தம் மட்டும் யோக்கியமா? எடுத்த ரத்தம் ஓர் இரவு மேசையில் கிடந்தாலே வெள்ளணுக்களின் மரபணு வெளிப்பாடு மாறிவிடும். அவற்றில் நியூட்ரோஃபிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிட் கம்பெனிகளோ 'தொடாத செல்' என்று விற்கின்றன. வேண்டாத செல்களில்தான் காந்த மணியை ஒட்டி அகற்றுகிறார்களாம்; வேண்டிய செல்லில் ஒட்டவில்லையாம், அதனால் தொடவில்லையாம். சுழற்றியது யார், பேயா?

ஆய்விதழ்கள் வேறு. வண்ணப் படத்துக்கு முழுப் பக்கம். செய்முறைக்கு 'உற்பத்தியாளர் குறிப்பின்படி பிரித்தோம்' என்று ஒரே வரி. கணினியில் புள்ளி வரைபவருக்குத்தான் ஆய்வகத்தில் மரியாதை. பிப்பெட் பிடிப்பவர் எடுபிடி.

செய்ய வேண்டியது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. குளிரில் பிரியுங்கள். தடுப்பு மருந்து சேருங்கள். பிரிக்காத திசுவிலும் அதே மரபணு விழித்திருக்கிறதா என்று சாயமேற்றிப் பாருங்கள். பிரித்த சூட்டையும் நேரத்தையும் கட்டுரையில் எழுதுங்கள். இதில் எதையும் செய்யாமல், ஃபாஸையும் ஜுனையும் காட்டி நோய்க்கு மருந்து தேடக் கிளம்புவது பொதுப்பணத்துக்குச் செய்யும் துரோகம்.