காகிதத்தைப் பார்க்கும் டாக்டர்

2024 நவம்பரில் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் போரிசானா என்ற கிராமத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. வந்தவர்களில் 19 பேரை அகமதாபாத்தில் உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். எல்லோருக்கும் ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டது. 7 பேருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. 2 பேர் இறந்துபோனார்கள். ஸ்டென்ட் அவசியமே இல்லை என்று குற்றச்சாட்டு எழுந்தது, கைதுகள் தொடர்ந்தன.

செலவுக்குக் கை வைக்கப்பட்ட இடம், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு. 2018 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை இலவசம். இதில் காவல் இல்லாமல் இல்லை. பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு முன் அனுமதி வேண்டும். ரிப்போர்ட்டுகளையும் படங்களையும் மருத்துவமனை கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எங்கோ உட்கார்ந்திருக்கும் டாக்டர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தருவார் அல்லது விளக்கம் கேட்பார். கோளாறு இங்கேதான். அவர் நோயாளியைப் பார்ப்பதில்லை, காகிதத்தைப் பார்க்கிறார். காகிதத்தைத் தயாரிப்பதோ பணம் பெறப்போகிற மருத்துவமனை. அவசர சிகிச்சை என்றால் கதவு இன்னும் சீக்கிரம் திறக்கும். திறக்கத்தான் வேண்டும், மாரடைப்பு வந்தவரைக் காக்கவைக்க முடியுமா?

இது புதிய வியாதி அல்ல. 2008-ல் வந்த முந்தைய காப்பீட்டில் வரம்பு வெறும் 30,000 ரூபாய். அதற்கே 2012-ல் சத்தீஸ்கரில் ஏழைப் பெண்களின் கர்ப்பப்பைகள் தேவையில்லாமல் அகற்றப்பட்டதாகப் புகார் கிளம்பியது. புற்றுநோய் வந்துவிடும் என்று பயமுறுத்தினால் எந்தப் பெண்தான் மறுப்பாள்? விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் ஏற்கும்படி 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவு வந்தது.

கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்புவோர், 2023-ல் வெளியான தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையைப் புரட்டலாம். ஏறக்குறைய 7.5 லட்சம் பயனாளிகளுக்கு ஒரே செல்போன் எண்!

அதற்காகப் பிடியை இறுக்கிக்கொண்டே போவதிலும் ஆபத்து உண்டு. சில மாநிலங்களில் ஒப்புதல் தருவது இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வேலை. ஒவ்வொரு மறுப்பும் கம்பெனிக்கு மிச்சம். மற்ற மாநிலங்களில் அரசின் ஏஜென்சியே பணம் தருகிறது. அங்கே கஜானா வற்றும்போது கேள்விகள் கூடலாம். இரண்டிலும் கட்டிலில் காத்திருப்பது நோயாளிதான்.

அவசரமில்லாத ஆபரேஷன்களுக்காவது, அந்த மருத்துவமனையின் வருமானத்தில் சம்பந்தமில்லாத அரசு டாக்டர் ஒருவர் நோயாளியை நேரில் தொட்டுப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்யலாம். மாவட்ட மருத்துவமனையில் அதற்கு டாக்டர் இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.