குஞ்சு விட்டால் போதுமா?

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மீன்குஞ்சு விடும் படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம் நோர்வூட் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் ஒரு கேள்வி எழும்: "போன தடவை விட்டதெல்லாம் எங்கே போச்சு?" கேலியாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். எந்த மீனை விட்டார்கள் என்பதைப் பொறுத்தது அதன் விடை.

கட்லா, ரோகு, புல்கெண்டை முதலியவை வெள்ளம் பெருகி ஓடும் ஆற்றில் முட்டையிடும் இனங்கள். நம் நீர்த்தேக்கங்களில் அவை நன்றாகக் கொழுக்கும், ஆனால் பெருகாது. பிடித்தால் தீர்ந்தது, திரும்பவும் குஞ்சு வாங்கித்தான் விட வேண்டும். தேயிலைத் தவறணையிலிருந்து கன்று கொண்டுவந்து நடுவதைப் போன்ற வேலை இது. கன்று மிகச் சிறிதாக இருந்தால் பிழைக்காது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மீனிலும் அப்படியே. விரல் நீளம்கூட வளராத குஞ்சுகளில் பெரும்பகுதி பெரிய மீனுக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகிவிடும்.

திலாப்பியாவின் கதை வேறு. 1952இல் இலங்கைக்கு வந்த இந்த ஆபிரிக்க மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். யாரும் விடாமலே பெருகும். அதற்கு வேண்டியது ஒருமுறையாவது இனம்பெருக்க அவகாசம். அதைக் கொடுப்பது வலையின் கண். உள்நாட்டு நீர்நிலைகளில் 8.5 சென்டிமீட்டருக்குக் குறைந்த கண்ணுள்ள செவுள்வலைக்குத் தடை இருப்பது இதற்காகத்தான். மலைநாட்டுக் குளிரில் திலாப்பியா மெதுவாகவே வளரும். ஆகவே கீழ்நாட்டுக் குளங்களைவிட இங்கே அந்த விதி இன்னும் முக்கியம்.

மூன்றாவது, துரைமாரின் மீன். 1880களில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காக ட்ரவுட் முட்டைகளைக் கப்பலேற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் நிலைக்கவில்லை. பின்னால் வந்த வானவில் ட்ரவுட், ஹோட்டன் சமவெளியின் குளிர்ந்த ஓடைகளில் நிலைத்தது. அந்தச் சமவெளிக்கே உரிய சின்ன நன்னீர் இறால் ஒன்று இன்று அதற்குத் தீனி. கொழுந்து பறித்தவர்களின் சட்டிக்கு அந்த ட்ரவுட் வந்ததாக எந்தக் கிழவியும் சொல்லி நான் கேட்டதில்லை. லயத்துக்கு வந்தது கருவாடும் நெத்தலியும்தான்.

சுற்றுலாவுக்காகப் புதிய வேட்டைமீன் ஒன்றை விடலாமே என்று சொல்பவர்களுக்காக ஒரு வெளிநாட்டுக் கதை. கலிபோர்னியாவின் டேவிஸ் ஏரியில் 1994இல் பைக் என்ற கூர்ப்பல் மீன் காணப்பட்டது. யாரோ கள்ளத்தனமாக விட்டது. அது அங்கிருந்த ட்ரவுட்டை அழித்து, ஆறுவழியே கீழேயும் பரவும் என்ற அச்சத்தில் 1997இல் அரசு ஏரி முழுவதற்கும் நஞ்சிட்டது. பக்கத்து ஊரின் குடிநீர் நின்றது, சனம் கொதித்தது. இரண்டு வருடத்தில் பைக் மறுபடி தலைகாட்டியது. 2007இல் மறுபடி நஞ்சு. கண்ணாடித் தொட்டியில் அலுத்துப்போன மீனை நுவரெலியாவின் கிரகரி வாவியில் கொட்டுபவர்களும் இதை அறிந்துகொள்வது நல்லது.

அதிகம் பேசப்படாத விடயம் நீர்மட்டம். காசல்ரீ அணை 1965இலும் மவுசாக்கலை அணை 1969இலும் கட்டப்பட்டவை, மின்சாரத்துக்காக. மழையற்ற மாதங்களில் மவுசாக்கலையின் தண்ணீர் இறங்கினால், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். சனம் குடும்பத்தோடு போய்ப் பார்க்கும். அதே நாட்களில்தான் ஓரத்துப் புல்லில் ஒட்டியிருக்கும், தேக்கத்திலேயே முட்டையிடும் சாதாரணக் கெண்டையின் முட்டைகள் காய்ந்துபோகின்றன. ஆண் திலாப்பியா சேற்றில் தோண்டிய கூடுகளும் வெளியே கிடக்கின்றன. ஆயிரக்கணக்கில் குஞ்சு விட்டும் பலன் தெரியாத வருடங்களில், வலையைத் திட்டுவதற்கு முன் இதையும் பார்க்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல முடியாது. முட்டையிடும் வாரங்களில் நீரைச் சட்டென்று இறக்காமல் படிப்படியாக இறக்க முடியுமா என்று கேட்கலாம்.

கேட்பது யார்? குஞ்சு உற்பத்தி நக்டா எனப்படும் நீருயிரின வளர்ப்பு அதிகாரசபையின் வேலை. தண்ணீர் மின்சார சபையின் பொறுப்பு. கரை பெரும்பாலும் தோட்டக் கம்பனிகளிடம். இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்பவர் தோணியில் போகும் மீனவர். 1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை அரசு விலக்கிக்கொண்டு 1994இல் திரும்பத் தந்தது. அந்த இடைவெளியில் குஞ்சு விடுவது நின்றது, கண்காணிப்பும் போனது, நாட்டின் பல குளங்களில் சிறுகண் வலைகள் புகுந்தன. கரையில் இருக்கும் மீனவர் சங்கம் வலுவாக இருந்தால்தான் கொழும்பில் மனம் மாறும்போதும் வலையின் கண் சுருங்காமல் இருக்கும். சங்கத்தில் தோட்டத்து இளைஞர்களுக்கும் இடம் வேண்டும். லயத்துக்கு எதிரேதான் தண்ணீர் கிடக்கிறது.

அணையின் நீர்மட்டத்தை மின்சார சபை நாள்தோறும் அளந்து குறித்துவைக்கிறது. கரையில் இறங்கும் மீனில் எந்த இனம், எத்தனை கிலோ என்று குறிக்க, சங்கத்துக்கு ஒரு தராசும் ஒரு கொப்பியும் போதும். இரண்டு கணக்கையும் இரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தேநீர்க் கடைக் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கலாம்.