காதுச் சத்திரசிகிச்சையும் கண்ணுக்குத் தெரியாத துளிகளும்



பிள்ளையின் காதில் சீழ் வடிந்தால் நம் வீடுகளில் நடப்பது என்ன? "வளர வளரச் சுகமாகிவிடும்" என்பார் உம்மும்மா. யாரோ ஒருவர் எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்வார். இப்படியே வருடங்கள் போகும். கடைசியில் காது வைத்திய நிபுணரிடம் காட்டினால், "காதுக்குப் பின்னாலுள்ள எலும்புக்குள்ளும் நோய் இறங்கிவிட்டது, சத்திரசிகிச்சை செய்ய வேண்டும்" என்கிறார். உடனே வீட்டில் ஒரு பயம் பிறக்கிறது. "அங்கே போய் வேறு ஏதாவது நோய் தொற்றிக்கொண்டால்?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் பிள்ளையின் காதிலிருந்து வைத்தியருக்கும் தாதிக்கும் நோய் தொற்றக் கூடுமே, அதைப் பற்றி நாம் எப்போதாவது யோசித்ததுண்டா? இம்மாதம் இந்த இரண்டு பக்கங்களையும் பார்ப்போம்.

எலும்பைக் குடையும் போது நடப்பது

காதுக்குப் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். கடினமான ஒரு மேடு தட்டுப்படும். மஸ்டொயிட் எலும்பு என்பது அதுதான். வெளியே கல்லுப் போல இருந்தாலும் உள்ளே தேன்கூட்டைப் போலச் சிறு சிறு அறைகள் உள்ளன. நடுச்செவியில் நாட்பட்ட சீழ் இந்த அறைகளுக்குள்ளும் புகுந்துவிடும். 1873இல் ஜேர்மனியின் ஹாலே நகரத்து வைத்தியர் ஹெர்மன் ஷ்வார்ட்ஸ இந்த எலும்பைத் திறந்து சுத்தம் செய்யும் முறையை எழுதி வெளியிட்டார். அன்று உளியும் சுத்தியலுமே ஆயுதங்கள். 1921இல் ஸ்வீடனில் கார்ல் ஒலொஃப் நைலேன் காதுச் சத்திரசிகிச்சையில் நுணுக்குக்காட்டியைப் பயன்படுத்தினார். இன்று உளிக்குப் பதிலாக நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும் கருவி இருக்கிறது. பல் வைத்தியர் பற்குழியைக் குடையும் கருவியின் இனம்தான் அது.

இவ்வளவு வேகமாகச் சுழன்றால் எலும்பு சூடாகும். பக்கத்திலேயே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. ஆகவே சூடு தணிய இடைவிடாது நீர் ஊற்றிக்கொண்டே குடைகிறார்கள். அந்த நீர், இரத்தம், சீழ், எலும்புத் தூள் எல்லாம் கலந்து, சுழலும் முனையில் பட்டுத் தெறிக்கின்றன. நுணுக்குக்காட்டியின் கண்ணாடி காதிலிருந்து ஒன்று ஒன்றரைச் சாண் தூரத்தில்தான் இருக்கும். வைத்தியரின் முகமும் அதற்குச் சற்று மேலேதான். துளிகள் கண்ணாடியில் படும், அங்கியில் படும், கண்ணிலும் பட்டுவிடக் கூடும்.

பெரிய துளிகள் சீக்கிரம் விழுந்துவிடும். மிகச் சிறியவையோ புகையைப் போலக் காற்றில் மிதக்கும். இரத்தத்தின் வழியாகப் பரவும் ஹெபடைட்டிஸ் பி, சி போன்ற கிருமிகள் கண்ணில் தெறிக்கும் துளியினாலும் தொற்றக் கூடும் என்பதை வைத்தியர்கள் அறிவார்கள். அதனால்தான் கண்ணையும் மூடிக்கொள்கிறார்கள்.

2020ஆம் ஆண்டு கற்றுத்தந்தது

வாயிலிருந்து தெறிக்கும் துளிகளைப் பற்றிய அறிவு புதியதல்ல. பேசும் போது வெளிவரும் துளிகளில் கிருமிகள் இருப்பதை 1897இல் ப்ரெஸ்லாவ் நகரில் கார்ல் ஃப்ளுகே காட்டினார். அதே ஆண்டில் அதே நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் மிக்குலிச் வாயையும் மூக்கையும் சல்லடைத் துணியால் மூடிக்கொண்டு வேலை செய்தார். நோயாளியின் காயத்தில் தன் எச்சில் படக் கூடாது என்பதே அவரது எண்ணம்.

2020இல் கொவிட் பரவிய போது கேள்வி மறுபக்கமாகத் திரும்பியது. நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஊத்தேக்கியாவின் குழாய் என்ற சிறு வழி ஒன்று இருக்கிறது. பிள்ளைக்குத் தடிமன் பிடித்தால் காது வலிப்பது இதனால்தான். அப்படியானால் மூக்கிலுள்ள வைரஸ் காதிலும் இருக்குமல்லவா? அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் கொவிட்டினால் இறந்த மூவரின் காதுகளைச் சோதித்தார்கள். இருவரில் வைரஸ் காணப்பட்டது. மூன்று பேர் என்பது சிறு தொகைதான். எனினும் எச்சரிக்கைக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஒளிரும் சாயம் கலந்து எலும்பைக் குடைந்து பார்த்த வேறு ஆய்வாளர்கள், துளிகள் ஒரு மீற்றருக்கும் அப்பால் சிதறியிருந்ததைக் கண்டார்கள்.

பல நாடுகளில் அவசரமில்லாத காதுச் சத்திரசிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. அவசரமானவற்றுக்கு முன்னேற்பாடுகள் பெருகின. நோயாளி முன்கூட்டியே பரிசோதிக்கப்பட்டார். கூடத்தினுள் ஆட்கள் குறைக்கப்பட்டார்கள். இறுக்கமான என்95 முகக்கவசம் அணிந்தார்கள். கண்ணுக்குக் கவசம் போட்டால் நுணுக்குக்காட்டியில் கண்ணைப் பதிக்க முடியாத சங்கடம் வந்தது. அதற்கு நுணுக்குக்காட்டியிலிருந்து தெளிவான பிளாஸ்டிக் விரிப்பைத் தொங்கவிட்டு, நோயாளியின் தலைக்கு மேல் சிறு கூடாரம் போல அமைத்து, உள்ளே கைகளை விட்டு வேலை செய்தார்கள். வீட்டில் நுளம்பு வலைக்குள் கையை விட்டுப் பிள்ளையைத் தட்டிக் கொடுப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டியது எதற்கு?

இதையெல்லாம் வாசித்துவிட்டு, "அப்படியானால் சத்திரசிகிச்சையே வேண்டாம்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். அங்கே தெறிக்கும் துளிகள் நம் பிள்ளையின் காதிலிருந்தே கிளம்புபவை. அவற்றால் ஆபத்து பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான். ஆயுதங்கள் உயர்ந்த வெப்பமுள்ள நீராவியில் கிருமி நீக்கப்படுகின்றன. காயத்தில் தொற்று ஏற்படும் சாத்தியம் எந்தச் சத்திரசிகிச்சையிலும் சிறிதளவு உண்டு. ஆனால் எலும்பை அரிக்கும் கொலஸ்டியட்டோமா என்ற காது நோயை அப்படியே விட்டுவைத்தால் கேள்வி போகும், முகம் ஒரு பக்கம் இழுக்கும், மூளைக்கும் கிருமி ஏறலாம். இரண்டையும் தராசில் வைத்துப் பாருங்கள். எது பாரமானது?

உண்மையைச் சொல்லுங்கள்

நம் பங்கு இங்கேதான் வருகிறது. என்னிடம் ஓதும் ஒரு மாணவனுக்குக் காதுச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்திருந்தது. பல மாதங்கள் காத்திருந்து கிடைத்த திகதி. இரண்டு நாட்களுக்கு முன் பிள்ளைக்குக் காய்ச்சலும் இருமலும். திகதி பறிபோய்விடுமே என்று பயந்த தாய், காலையில் பனடோல் கொடுத்துக் காய்ச்சலைத் தணித்து, ஒன்றும் இல்லையென்று சொல்லி அனுமதித்துவிட்டார். மயக்க மருந்து வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டதும் விஷயம் வெளிப்பட்டது. சளி பிடித்த பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்தால் மூச்சுக்குழாய் சட்டென இறுகிவிடலாம் என்று விளக்கித் திருப்பி அனுப்பினார்கள். பிறகு வேறு திகதியில் நல்லபடியாக நடந்து முடிந்தது.

அந்தத் தாயின் தவிப்பு எனக்கு விளங்குகிறது. என்றாலும் நோயை மறைப்பது முதலில் நம் பிள்ளைக்கே கெடுதி. இரண்டாவது, அந்தக் கூடத்தில் நிற்பவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். காசநோய், மஞ்சட்காமாலை, வேறெந்தத் தொற்று இருந்தாலும் வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். நோயாளியின் இரகசியம் வைத்தியரிடம் அமானத். அவருடைய பாதுகாப்பும் அவ்வாறே நம்மிடம் அமானத்.

வீட்டுக்கு வந்த பின்

பிள்ளையைப் பார்க்க உறவினர்கள் திரண்டு வருவார்கள். தடிமன், இருமல் உள்ளவர்கள் சுகமான பின் வரட்டும். கோபித்தாலும் பரவாயில்லை. சில வாரங்களுக்கு மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயை மூடி அடக்காமல், வாயைத் திறந்தபடி தும்ம வேண்டும். இல்லாவிட்டால் காற்று காதுக்குள் ஏறி, வைத்த சவ்வு நகர்ந்துவிடலாம். ஆனால் துணியொன்றை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தும்மும் போது கையினாலோ துணியினாலோ முகத்தை மூடுவது நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழிதானே.

"வுளூ எப்படிச் செய்வது?" என்று பலர் கேட்கிறார்கள். காதுகளை மஸ்ஹு செய்வது சுன்னத்து. வைத்தியர் தடுத்திருக்கும் காலத்தில் அதை விட்டுவிட்டால் வுளூவுக்குக் குறையில்லை. தலையில் கட்டு இல்லாத இடத்தில் சிறிதளவு மஸ்ஹு செய்தாலே போதும். குளிப்பு விடயத்தில் வைத்தியரின் சொல்லைக் கேட்டு, பின் உங்கள் பகுதி ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள்.

இறுதியாக ஒன்று. காதில் எண்ணெய் ஊற்றுவது, கொண்டை ஊசியாலும் கோழி இறகாலும் குடைவது ஆகியவற்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வடிந்தாலோ, துர்நாற்றம் வீசினாலோ, பிள்ளை கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ தாமதிக்காமல் காது வைத்தியரிடம் காட்டுங்கள். நேரத்தோடு பார்த்தால் எலும்பைத் தொட வேண்டிய தேவையே வராமல் போகலாம்.