‘பெய்தால்’ ஒன்றுதான்... ‘இஃப்’ மட்டும் ஏன் நாலு?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் டீக்கடைகளில் இந்தப் பேச்சுதான் ஓடும். “மேல மழை பேஞ்சா பெரியாறு ஏறும்”, “அணை ஏறுனா தண்ணி திறப்பாங்க”, “தண்ணி திறந்தா நாத்து விடலாம்.” இங்கே முதல் போகத்துக்கு முல்லைப் பெரியாறு நீரைப் பெறும் 14,707 ஏக்கர் நெல் வயல்களும் இந்த ‘பேஞ்சா’, ‘ஏறுனா’வை நம்பித்தான் இருக்கின்றன.

ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்யும் சொல் ‘இஃப்’. இலக்கணப் புத்தகத்தில் இதற்குப் பெயர் ‘கண்டிஷனல் சென்டன்ஸ்’, அதாவது நிபந்தனை வாக்கியம். பள்ளியில் மனப்பாடம் செய்து, மார்க் வாங்கி, மறந்துபோகிற பாடம் இது. பிறகு வேலைக்கான இன்டர்வியூவில் திடீரென்று எதிரே வந்து நிற்கும்.

இந்தப் பாடம் குழப்புவதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். நாளை மழை நிச்சயம் வரும் என்று நம்புகிறவரும் ‘பெய்தால்’ என்கிறார், வரவே வராது என்று நினைப்பவரும் ‘பெய்தால்’ என்கிறார். நம்பிக்கை எவ்வளவு என்பது குரலில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அதை வினைச்சொல்லே காட்டிக்கொடுக்கும். அதனால்தான் நாலு வகை. நமக்குத் தெரிந்த அணைக்கட்டுகளை வைத்தே நாலையும் பார்த்துவிடலாம்.

1. எப்போதும் நடப்பது

வைகை அணையின் முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இது எல்லா வருடமும் ஒரே விதிதான்.

“இஃப் த வாட்டர் லெவல் ரீச்சஸ் 66 ஃபீட், தே இஷ்யூ த ஃபர்ஸ்ட் வார்னிங்.”

இரண்டு பக்கமும் நிகழ்கால வினை. ‘வில்’ தேவையில்லை. விதி, பழக்கம், அறிவியல் உண்மை எல்லாவற்றுக்கும் இந்த வகைதான்.

2. நடக்க வாய்ப்பு இருப்பது

“இஃப் இட் ரெயின்ஸ் டுநைட், த லெவல் வில் ரைஸ்.” இன்று இரவு மழை பெய்தால் நீர்மட்டம் உயரும்.

நம்மில் பலர் வழுக்கும் இடம் இது. ‘நாளைக்கு நடக்கப்போகிற விஷயம்தானே’ என்று “இஃப் இட் வில் ரெயின்” என்று சொல்லிவிடுகிறோம். இதற்கு விதியை மனப்பாடம் செய்ய வேண்டாம், தமிழைக் கவனித்தால் போதும். ‘பெய்தால்’ என்ற சொல்லில் இருப்பது ‘பெய்த’. ‘வந்தால்’ என்பதில் இருப்பது ‘வந்த’. ‘போனால்’ என்பதில் ‘போன’. நாளைய மழையைப் பற்றிப் பேசும்போதும் நாம் ‘பெய்வால்’ என்றோ ‘வருவால்’ என்றோ சொல்வதில்லை. எதிர்காலம் வாக்கியத்தின் அடுத்த பாதியில் ‘உயரும்’ என்று வருகிறது. ஆங்கிலமும் அதே மாதிரிதான். ‘இஃப்’ இருக்கும் பாதியில் ‘வில்’ வேண்டாம், அடுத்த பாதியில் போட்டுக்கொள்ளுங்கள்.

3. இப்போதைக்கு வெறும் கற்பனை

முல்லைப் பெரியாறு அணையில் 152 அடி வரை நீர் தேக்கலாம் என்பது பழைய கணக்கு. 1979-ல் அது 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆக, 152 அடி என்பது இன்று நடைமுறையில் இல்லாதது. அதைப் பற்றிப் பேசினால் இப்படி வரும்.

“இஃப் த டேம் ஹெல்ட் 152 ஃபீட் ஆஃப் வாட்டர், வி உட் ஹேவ் மோர் ஃபார் த செகண்ட் கிராப்.” அணையில் 152 அடி தண்ணீர் இருந்தால், இரண்டாம் போகத்துக்கு நமக்கு இன்னும் அதிகம் கிடைக்கும்.

‘ஹெல்ட்’ பார்க்க இறந்தகாலம் மாதிரி இருக்கும். ஆனால் பேசுவது இன்றைய நிலையைப் பற்றி. ‘இது நிஜம் இல்லை’ என்று காட்டத்தான் வினை ஒரு படி பின்னால் போகிறது. ‘வில்’லும் ‘உட்’ ஆகிவிடுகிறது. “இஃப் ஐ வேர் யூ” என்று சொல்வதும் இதே வகைதான். நான் நீங்களாக ஆகவே முடியாதே!

4. முடிந்துபோனது

ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் இன்றும் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள்.

“இஃப் பென்னிகுயிக் ஹேட் நாட் பில்ட் த டேம், த வேலி உட் ஹேவ் ஸ்டேய்ட் டிரை.” பென்னிகுயிக் அணையைக் கட்டாமல் இருந்திருந்தால், பள்ளத்தாக்கு வறண்டே கிடந்திருக்கும்.

இந்த வகையில் மட்டும் தமிழ் நமக்கு நேரடியாகக் கை கொடுக்கிறது. ‘இருந்திருந்தால்’ வரும் இடத்தில் ‘ஹேட்’. ‘இருந்திருக்கும்’ வரும் இடத்தில் ‘உட் ஹேவ்’. இரண்டையும் இடம் மாற்றி “இஃப் ஹி உட் ஹேவ்” என்று ஆரம்பிக்காமல் இருந்தால் சரி.

‘அன்லெஸ்’ஸையும் மறக்காதீர்கள்

சுருளி அருவியில் வெள்ளம் வந்தால் வனத்துறை குளிக்கத் தடை விதிக்கும். “அன்லெஸ் த ஃப்ளோ கம்ஸ் டவுன், தே வில் நாட் அலோ பேத்திங்.” நீர்வரத்து குறையாவிட்டால் குளிக்க விடமாட்டார்கள். ‘அன்லெஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘ஆவிட்டால்’ இருக்கிறது. அதனால் அதே பாதியில் இன்னொரு ‘நாட்’ போட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும். கடன் பத்திரம், வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் இந்தச் சொல் அடிக்கடி வரும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

இன்டர்வியூவில் என்ன செய்வது?

போடியிலோ சின்னமனூரிலோ படித்துவிட்டு கோவைக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போகிறவர்களிடம் இப்படி ஒரு கேள்வி வரலாம். “வாட் உட் யூ டூ இஃப் எ கஸ்டமர் ஷவுட்டட் அட் யூ?” வாடிக்கையாளர் யாரும் இதுவரை கத்தவில்லை, இது மூன்றாம் வகைக் கற்பனை. கேள்வி ‘உட்’டில் வந்தால் பதிலையும் “ஐ உட் லிசன் ஃபர்ஸ்ட்” என்று ‘உட்’டிலேயே தொடங்குங்கள்.

ஆனால் உங்கள் வேலையைப் பற்றி நீங்களே பேசும்போது “இஃப் ஐ காட் திஸ் ஜாப்” என்று சொன்னால், ‘எங்கே கிடைக்கப்போகிறது’ என்ற தொனி வந்துவிடும். “இஃப் ஐ கெட் திஸ் ஜாப், ஐ வில் மூவ் ஹியர் நெக்ஸ்ட் வீக்” என்று இரண்டாம் வகையில் சொல்லுங்கள். ஒரே எழுத்து வித்தியாசம்தான், எதிரில் இருப்பவர் காதில் உங்கள் நம்பிக்கை விழும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘இங்கிலீஷ் மீடியத்தில் படித்திருந்தால் நானும் பேசியிருப்பேன்’ என்று நொந்துகொள்பவர்கள் நம் வீடுகளில் நிறைய. அது நாலாம் வகை வாக்கியம். முடிந்துபோன அந்த விஷயத்தை இனி யாராலும் மாற்ற முடியாது. ‘தினமும் பத்து நிமிடம் பேசிப் பார்த்தால் பேசிவிடுவேன்’ என்பது இரண்டாம் வகை. அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். விடைகள் கீழே.

அ. ஏலக்காய் விலை நாளை ஏறினால் விற்போம்: “இஃப் த பிரைஸ் ____ டுமாரோ, வி வில் செல்.”

ஆ. எனக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தால் (இல்லை) ஆள் வைப்பேன்: “இஃப் ஐ ____ எ கிரேப் ஃபார்ம், ஐ உட் ஹயர் பீப்பிள்.”

இ. நேற்றே சொல்லியிருந்தால் வந்திருப்பேன்: “இஃப் யூ ____ மீ யெஸ்டர்டே, ஐ உட் ஹேவ் கம்.”

விடைகள்: அ. ரைசஸ், ஆ. ஹேட், இ. ஹேட் டோல்ட்.

மூன்றும் சரியா? வீட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்!