பேனரில் இருக்கும் பெயர் படிப்பு ஆகாது

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், விக்கிரவாண்டி டோல்கேட் பக்கமெல்லாம் கல்லூரி பேனர்கள் முளைத்துவிடும். இப்போது எதைப் பார்த்தாலும் ‘சைபர் செக்யூரிட்டி’. நூறு சதவீதம் வேலையாம்! நிலத்தை அடமானம் வைத்துப் பணம் கட்டும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

படிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் புகுந்ததாகப் பேச்சு வந்தது. முதலில் மறுத்தார்கள். மறுநாளே, அக்டோபர் 30 அன்று, அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. புகுந்தது அணு உலையை இயக்கும் கணினியில் அல்ல. நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைத்திருந்த ஒரு கணினியில். அதாவது, குமாஸ்தா மேசைக்கும் காவல் வேண்டும். ஆகவே ஆள் தேவை, சந்தேகமில்லை.

ஆனால் பூட்டின் உள்ளமைப்பு தெரியாதவன் பூட்டைக் காப்பானா? நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம், புரோகிராமிங் மூன்றும் கைவர வேண்டும். சாதாரண கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்பிலேயே இவை உண்டு. லினக்ஸ் இலவசம், ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்களும் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசம். பெயரை மாற்றியதற்கு மட்டும் ஏன் கூடுதல் பணம்?

சேர்க்கும் முன் கேளுங்கள்: இதற்கென்று லேப் உண்டா? சொல்லிக்கொடுப்பவர் இந்த வேலையைச் செய்தவரா? போன வருஷம் முடித்தவர்கள் எங்கே, என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கோப்பில் ஏறாத வாக்குறுதிக்கு மதிப்பில்லை என்பது எந்த ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் தெரியும்.